பாராதீப் முதல் தூத்துக்குடி வரை: ஒரு நிலக்கரிக் கப்பலில் ஆறு நாள்

முதல் நாள், பாராதீப்

கப்பலில் இணையம் கிடைக்கிற நேரத்தில் அன்றன்றைக்கு எழுதிப் போடலாம் என்று இருக்கிறேன். என் வீட்டுக்காரர் இந்தக் கப்பலில் சீஃப் ஆபீசர், கேப்டனுக்கு அடுத்த அதிகாரி. நான் தூத்துக்குடியில் ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்பு அலுவலர். கல்யாணமாகி பன்னிரண்டு வருடத்தில் அவரோடு கப்பலில் போவது இதுதான் முதல் தடவை. ஒடிசாவின் பாராதீப்பில் நிலக்கரி ஏற்றிக்கொண்டு, இலங்கையைச் சுற்றி, நம்மூர் துறைமுகத்தில் இறக்க வேண்டும். பாக் நீரிணையில் இவ்வளவு பெரிய கப்பலுக்கு ஆழம் கிடையாது. அதனால்தான் அந்தச் சுற்று.

கேங்வே படியில் கால் வைத்ததும் முதலில் கண்ணில் பட்டது அடியில் விரித்துக் கட்டியிருந்த வலை. கப்பலுக்கும் கரைக்கும் நடுவில் விழுந்தால் நசுங்கிப் போவோம். வலை கிழிசல் இல்லாமல் இழுத்துக் கட்டியிருந்தது. மேலே நின்ற பையன் என் அடையாள அட்டையைப் பார்த்துப் பெயரெழுதிக்கொண்டான். “அக்கா, ஹெல்மெட் போட்டுட்டுதான் உள்ளே” என்று ஒன்றை நீட்டினான். சீஃப் ஆபீசர் மனைவியாயிற்றே என்று விட்டுவிடவில்லை. நாகர்கோவில் பக்கத்துப் பையன், ஓஎஸ், அதாவது கடைநிலை மாலுமி, கடலுக்கு வந்து நாலு மாதமாம்.

அறைக்குள் போனதும் கதவின் உட்புறம் ஒட்டியிருந்த அட்டையைத்தான் படிக்கச் சொன்னார்கள். ஏழு குட்டை மணி, ஒரு நீளமணி அடித்தால் லைஃப் ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு நான் எங்கே போய் நிற்க வேண்டும், எந்தப் படகு, எந்த இருக்கை என்று அதில் இருக்கிறது. தேர்ட் ஆபீசர் என்னைக் கூட்டிக்கொண்டு அந்த வழியை இரண்டு தடவை நடக்க வைத்தார். இரண்டாவது தடவை தாழ்வாரத்து விளக்கை அணைத்துவிட்டு, சுவரைத் தடவிக்கொண்டே போகச் சொன்னார். புகை சூழ்ந்தால் அப்படித்தான் போக வேண்டியிருக்கும். எங்கள் தொழிற்சாலையில் இதை நான் செய்ததே இல்லை. ஊர் திரும்பியதும் செய்யப்போகிறேன்.

வெளியே தால்சேர் சுரங்கங்களிலிருந்து ரயிலில் வந்த கரி கொட்டிக்கொண்டே இருக்கிறது. என் வீட்டுக்காரர் கண் சிவந்திருக்கிறது. கரி ஏற்றி முடியும்வரை சீஃப் ஆபீசருக்குத் தூக்கம் கிழிந்த துணி மாதிரிதான். 24 மணி நேரத்தில் 10 மணி நேரமாவது ஓய்வு, 7 நாளில் 77 மணி நேரமாவது ஓய்வு என்பது விதி. அந்தப் பத்தையும் இரண்டுக்கு மேல் கூறு போடக்கூடாது, ஒரு கூறு ஆறு மணி நேரத்துக்குக் குறையக்கூடாது. இங்கே கேப்டன் அதை மதிக்கிறார். மதியம் செகண்ட் ஆபீசரை நிறுத்திவிட்டு இவரைத் தூங்க அனுப்பினார். முன்பு இவர் இருந்த ஒரு கப்பலில் ஓய்வு நேரத்தை மாதக் கடைசியில் மொத்தமாக நிரப்பிக் கையெழுத்து வாங்குவார்களாம். தூக்கம் கெட்ட ஒருவர் எடை கணக்கிலோ வால்விலோ தப்புப் பண்ணினால் அத்தனை பேருக்கும் ஆபத்து. அந்த ஏட்டில் பொய் எழுதுகிறவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை.

இரண்டாம் நாள், வங்கக்கடல்

விடியற்காலையில் கிளம்பினோம். கப்பலில் 22 பேர், நான் கூடுதல். அதில் 6 பேர் பாராதீப்பில் புதிதாக ஏறியவர்கள். நாலில் ஒரு பங்குக்கு மேல் இந்தக் கப்பலில் பயிற்சி செய்யாதவர்கள் என்றால், கிளம்பின 24 மணி நேரத்துக்குள் தீயணைப்புப் பயிற்சியும் கப்பலைக் கைவிடும் பயிற்சியும் நடத்தியாக வேண்டும். மத்தியானம் மணி அடித்தது. படகு கப்பலின் பின்புறத்தில், மூக்கு கீழே பார்க்கச் சரிவாக நிற்கிறது. உள்ளே எல்லாரும் கப்பலைப் பார்த்தபடி, போகும் திசைக்கு முதுகைக் காட்டி உட்கார வேண்டும். நெற்றிக்கும் பட்டை உண்டு. உண்மையில் ஒரு தருணம் வந்தால் அப்படியே கடலில் தலைகுப்புறப் பாயும். இன்றைக்குப் பட்டை கட்டி, இன்ஜினை ஓடவிட்டுப் பார்த்ததோடு சரி.

அதற்கடுத்து நடந்த பயிற்சியைப் பற்றித்தான் இன்றைக்கு எழுத நினைத்தேன். மூடிய இடத்தில் மயங்கி விழுந்தவரை மீட்பது. இது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நடந்தாக வேண்டும் என்று 2015 முதல் உலகக் கப்பல்களுக்கெல்லாம் விதி.

போசன், அதாவது மேல்தள மாலுமிகளின் தலைவர், அண்ணாச்சிக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். தூத்துக்குடிக்காரர். சின்ன வயதில் மாலத்தீவுக்குப் போகிற தோணியில் சமையல் பையனாக ஏறியவர். அவருடைய அப்பா தோணியில் தண்டல், தோணியின் தலைவர். அவர் பழைய பாய்லர் சூட் ஒன்றில் கந்தல் துணியையும் மணலையும் அடைத்து ஆள் பொம்மை செய்திருந்தார். அதை மேல்தளத்தில் ஒரு குறுகலான தொட்டிக்குள் இறக்கி வைத்தார்கள். வாய் 60 சென்டிமீட்டருக்கு 60 சென்டிமீட்டர். நாம் உட்காரும் நாற்காலியின் பலகையைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான்.

நாகர்கோவில் பையன் அதன் வாயில் நின்று எட்டிப் பார்த்து, “உள்ளே ஆள் விழுந்து கிடக்கு” என்று கத்த வேண்டும். கத்தினான். கத்திய கையோடு அவன் கால் தன்னால் ஏணியின் முதல் படிக்குப் போய்விட்டது.

“ஏலே, நில்லு!”

அண்ணாச்சி போட்ட சத்தத்தில் அத்தனை பேரும் உறைந்துவிட்டோம். அவர் அவன் தோளைப் பிடித்துத் திருப்பினார். திட்டவில்லை. “இப்ப நீயும் செத்துட்டே. உன்னைத் தூக்க இன்னொருத்தன் இறங்குவான். அவனும் செத்தான். முதல்ல வாக்கி டாக்கி. ஆளைக் கூப்பிடு. நீ இந்த வாயை விட்டு அசையாதே, உள்ளயும் போகாதே” என்றார். மறுபடியும் முதலிலிருந்து செய்ய வைத்தார். மூன்றாவது தடவையில்தான் அவன் கால் அசையவில்லை.

கரி சும்மா கிடக்கிற சரக்கில்லை. காற்றில் இருக்கிற ஆக்சிஜனை அது மெல்ல மெல்ல இழுத்துக்கொள்ளும். கார்பன் மோனாக்சைடை விடும். சில வகைக் கரி மீத்தேனையும் விடும். மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. சாதாரணக் காற்றில் ஆக்சிஜன் 20.9 விழுக்காடு. புகை மாதிரி மூச்சு முட்டி, இருமி, தப்பித்து ஓட நேரம் கொடுக்கிற விஷயம் இல்லை இது. ஆக்சிஜன் மிகவும் குறைந்த இடத்தில் இரண்டு மூச்சு இழுத்தாலே முழங்கால் மடங்கிவிடும். மேலே நிற்பவருக்கு ஆள் வழுக்கி விழுந்த மாதிரிதான் தெரியும். உடனே காப்பாற்றத் தோன்றும். மூடிய அறைகளில் செத்துப்போகிறவர்களில் பலர் இப்படி இன்னொருவரைத் தூக்கப் போனவர்கள்.

எனக்கு இது தெரிந்த கதை. ஏழு வருடத்துக்கு முன் நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு கழிவுத் தொட்டியைச் சுத்தம் செய்ய ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் இறங்கினார். சத்தம் நின்றதும் அவருடைய மச்சான் இறங்கினார். இரண்டு பேரையும் பிணமாகத்தான் தூக்கினோம். காற்றை அளக்கும் மீட்டர் என் அறை அலமாரியில் பூட்டியிருந்தது. சாவி என்னிடம் இருந்தது. நான் அன்றைக்கு வேறு கட்டடத்தில் இருந்தேன். யாரும் என்னைக் கேட்கவில்லை, கேட்க வேண்டும் என்று நான் அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கவும் இல்லை. தமிழ்நாட்டில் எந்த மாதம் செய்தித்தாளைப் புரட்டினாலும் இந்தச் சாவு இருக்கிறது. கழிவுநீர்த் தொட்டி, சாக்கடைக் குழி, கிணறு. மனிதரை மலக்குழிக்குள் இறக்கக்கூடாது என்று 2013இல் சட்டம் வந்த பிறகும் இறக்குகிறார்கள். அண்ணாச்சி இன்று அந்தப் பையனின் தோளைப் பிடித்துத் திருப்பிய மாதிரி, அன்றைக்கு அந்த மச்சானின் தோளைப் பிடிக்க ஒரு கை இல்லை.

பொம்மையை வெளியே எடுக்க, முதுகில் காற்று சிலிண்டரோடு இரண்டு பேர் இறங்கி, கயிறு கட்டி இழுத்து, 14 நிமிடம் ஆனது. அந்தச் சிலிண்டர் அரை மணி நேரம் தாங்கும். அறைகளில் தொங்குகிற சின்னப் பொதியில் இருப்பது தப்பித்து வெளியே ஓடுவதற்கான பத்து நிமிடக் காற்று. அதை மாட்டிக்கொண்டு உள்ளே இறங்கக்கூடாது என்று கேப்டன் எல்லாரையும் திருப்பிச் சொல்ல வைத்தார். இரவு சாப்பாட்டில் யாரும் அதிகம் பேசவில்லை. எனக்குத் தூக்கம் வர நேரமானது.

மூன்றாம் நாள்

காலையில் அண்ணாச்சியோடு மேல்தளத்தைச் சுற்றினேன். ஐந்து சரக்கறைகள். ஒவ்வொன்றின் மூடியிலும் விரல் தடிமனுக்கு ஒரு சின்னக் குழாய், திருகுமூடியோடு. மூடியைத் திறக்காமலேயே அதன் வழியாக உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி மீட்டரில் பார்க்கிறார்கள். முதல் நாள் மேற்பரப்புக் காற்றோட்டம் விட்டார்கள். இப்போது அடைத்தாகிவிட்டது. காற்று அதிகம் போனால் கரி தானே சூடேறிப் பற்றிக்கொள்ளலாம். மோனாக்சைடு 50 பிபிஎம் (பத்து லட்சத்தில் 50 பங்கு) தொட்டாலோ, மூன்று நாள் விடாமல் ஏறிக்கொண்டே போனாலோ, உள்ளே சூடு பிடிக்கிறது என்று பொருள்.

நான்காம் அறையில் இன்று 8. மற்றவை அதற்கும் கீழே. அண்ணாச்சி முழங்கையளவு ஏட்டில் எழுதிவிட்டு, என்னையும் எண்ணைப் பார்க்கச் சொன்னார். “ரெண்டு கண்ணு பாத்தா நல்லதுதானே, தங்கச்சி.”

பிற்பகல் இன்ஜின் அறை. காதடைப்பான் இல்லாமல் கதவைத் திறக்க விடவில்லை. பேச்சே கிடையாது, எல்லாம் கைச் சாடைதான். சூடு 43 டிகிரி. ஒரு பம்ப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். அதன் மின்சுவிட்சில் பூட்டுப் போட்டு, “ஆள் வேலை செய்கிறார்” என்று அட்டை மாட்டியிருந்தது. சாவி செகண்ட் இன்ஜினியர் சட்டைப் பையில் இல்லை. பம்ப்பில் கை வைத்திருக்கிற ஃபிட்டரின் சட்டைப் பையில் இருந்தது. அதுதான் சரி. யாருடைய கை உள்ளே இருக்கிறதோ அவரிடம்தான் சாவி இருக்க வேண்டும். இதற்காக எங்கள் தொழிற்சாலையில் நான் மேலதிகாரிகளோடு இரண்டு வருடம் மல்லுக்கு நின்றிருக்கிறேன்.

வெளியே வரும்போது ஒரு பானையில் உப்பும் எலுமிச்சையும் போட்ட தண்ணீர். தாகம் எடுக்கிறதோ இல்லையோ, அரை மணிக்கு ஒரு டம்ளர் குடித்தே ஆக வேண்டுமாம்.

நான்காம் நாள்

நான்காம் அறையில் 11.

வீட்டுக்காரர் காலைச் சாப்பாட்டில் அதைப் பற்றிப் பேசவே இல்லை, ஆனால் இட்லியைப் பிட்டுப் பிட்டு வைத்திருந்தார். “நாளைக்கும் ஏறினா?” என்று கேட்டேன். “கம்பெனிக்கும் கரைக்கும் சொல்லணும். மூடியைத் திறக்கக் கூடாது, காத்துப் போகிற வழியெல்லாம் இன்னும் இறுக்கி அடைக்கணும். தண்ணி ஊத்தக் கூடாது” என்றார். அப்புறம், “பார்த்துக்கலாம்” என்றார்.

சமையலறையில் ஒரு மணி நேரம் இருந்தேன். அலை லேசாகத்தான் ஆடியது. அதற்கே அடுப்பின் மேலிருக்கும் இரும்புக் கம்பிச் சட்டத்துக்குள் பாத்திரங்கள் முட்டிக்கொண்டிருந்தன. சீஃப் குக் கொதிக்கிற எண்ணெயை ஆட்டமுள்ள நாளில் வைப்பதே இல்லை என்றார். இன்று அப்பளம் கிடையாது, பையன்கள் முகம் சுளித்தாலும் கிடையாது. மேசையில் ஈரத்துணி விரித்து அதன் மேல் தட்டு. கத்தி வேலை முடிந்ததும் உறைக்குள் போகிறது, தொட்டிக்குள் போடுவதில்லை. சோப்பு நுரைக்குள் கையை விட்டு வெட்டுப்பட்டவர்களை அவருக்குத் தெரியும்.

கப்பலில் டாக்டர் கிடையாது. செகண்ட் ஆபீசர்தான் மருந்துப் பெட்டிக்குப் பொறுப்பு. பெரிய காயமென்றால் சேட்டிலைட் போனில் கரையிலுள்ள டாக்டரிடம் கேட்டு ஊசி போட வேண்டும். எங்கள் தொழிற்சாலை வாசலில் ஆம்புலன்ஸ் நிற்கும். இங்கே சுற்றிலும் தண்ணீர்தான்.

இரவு பாலத்தில், அதாவது கப்பலை ஓட்டும் அறையில், இருட்டில் நின்றுகொண்டிருந்தேன். வலப்பக்கம் தூரத்தில் இலங்கையின் அம்பாறைக் கரை. சங்கமன்கண்டி முனைக்கு அப்பால், இந்த நீரில்தான் 2020 செப்டம்பர் 3ஆம் தேதி ‘நியூ டயமண்ட்’ என்ற எண்ணெய்க் கப்பலின் இன்ஜின் அறையில் தீப்பிடித்தது. குவைத்திலிருந்து பாராதீப்புக்குப் போய்க்கொண்டிருந்தது. நாங்கள் கிளம்பிய அதே பாராதீப். உள்ளே ஏறத்தாழ 2,70,000 டன் கச்சா எண்ணெய். அத்தனை எண்ணெயும் கடலில் கொட்டாமல் நம் கடலோரக் காவல்படையும் இலங்கைக் கடற்படையும் சேர்ந்து தீயை அணைத்தார்கள். உலகமே எண்ணெயைப் பற்றிப் பேசியது. வேலை நேரத்தில் பிலிப்பைன்ஸ்காரர் ஒருவர் செத்துப்போனார். அவரைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசவில்லை. நேற்று அந்த 43 டிகிரி சூட்டில் நின்று வந்தவள் என்பதால் அவர் நினைவாகவே இருந்தேன். கண்ணாடி வழியாக எதுவும் தெரியவில்லை. கும்பிட்டுக்கொண்டேன்.

ஐந்தாம் நாள், இலங்கையின் தெற்கே

முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். நான்காம் அறையில் 10. இறங்கியிருக்கிறது. அண்ணாச்சி இரண்டாம் தடவை அளந்தார், அதே 10. வீட்டுக்காரருக்கு போன் போட்டுச் சொன்னபோது மறுமுனையில் ஒரு பெருமூச்சுதான் கேட்டது.

காலையில் டோண்ட்ரா முனை, நம் ஆட்கள் தேவேந்திரமுனை என்பார்கள். வெள்ளைக் கலங்கரை விளக்கம் பச்சைக் கரையில் ஊசி மாதிரி நின்றது. தொண்டேஸ்வரம் கோயில் இருந்த ஊர், போர்த்துகீசியர் 1588இல் இடித்தார்கள். கிழக்கும் மேற்கும் போகிற பெருங்கப்பல்கள் எல்லாம் இந்த முனையை ஒட்டித்தான் திரும்புகின்றன. ஒரே நேரத்தில் பதினோரு கப்பல் எண்ணினேன்.

பையன் இன்று என்னோடு கொஞ்ச நேரம் பேசினான். அம்மா உடம்பு சரியில்லையாம். இரண்டு நாளாகச் சரியாகத் தூங்கவில்லை, யாரிடமும் சொல்லவில்லை. “சொன்னா வேலைக்கு லாயக்கில்லேன்னு நெனப்பாங்கக்கா.” அவனைக் கூட்டிக்கொண்டு நேராக அண்ணாச்சியிடம் போனேன். அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கொடிமரத்துக்கு வண்ணம் அடிக்க உயரத்தில் ஏற வேண்டிய பட்டியலில் அவன் பெயரை அடித்துவிட்டு, கீழே வண்ணம் கலக்கும் வேலையைக் கொடுத்தார். வீட்டுக்குப் பேச கேப்டனின் போனையும் வாங்கித் தந்தார். நாளைக்கு ஊரில் இறங்கி அம்மாவைப் பார்த்துவிட்டு வர அரை நாள் கேட்டிருக்கிறார்கள். தூங்காத ஒருவனை உயரத்தில் ஏற்றாமல் நிறுத்த எந்தக் கருவியும் கிடையாது. அவனாக வாய் திறக்க வேண்டும். திறந்தால் வேலை போகாது என்ற நம்பிக்கையை மேலே இருப்பவர்கள்தான் அவனுக்குக் கொடுக்க வேண்டும்.

ஆறாம் நாள், தூத்துக்குடி

கப்பலைத் துறைமுகத்துக்குள் வழிகாட்டிக் கொண்டுபோகும் பைலட் ஏறுவதற்கு அரை மணி முன்னாலேயே ஏணியைத் தொங்கவிட்டார்கள். கயிற்றேணி. கீழ் நாலு படி ரப்பர், மற்றவை மரம். ஏணி புரண்டுவிடாமல் இடையிடையே நீளமான குறுக்குப்பலகை. அண்ணாச்சி குப்புறப் படுத்து, தலையை வெளியே நீட்டி, ஒவ்வொரு படியும் மட்டமாக நிற்கிறதா என்று பார்த்தார். ஒரு படியின் ஓரக் கட்டு தளர்ந்திருந்தது. பைலட் படகு கண்ணுக்குத் தெரிகிறது, வாக்கி டாக்கியில் “ரெடியா, ரெடியா” என்கிறார்கள். “ரெடியில்லை சார், பத்து நிமிஷம்” என்று சொல்லிவிட்டு, அந்த ஏணியை மேலே இழுத்து, மாற்று ஏணியைக் கட்டச் சொன்னார். இந்தப் பயணத்தில் நான் கேட்டவற்றிலேயே எனக்குப் பிடித்த வாக்கியம் அது. அந்த ஏணியில் நம்பி ஏறப்போகிற பைலட்டுக்கு இந்தக் கப்பலில் யாரையும் தெரியாது.

கரை கட்டும்போது முன்தளத்துக்கு என்னை விடவில்லை, பாலத்திலிருந்துதான் பார்த்தேன். இழுபட்ட வடம் அறுந்தால் சாட்டை மாதிரி திரும்பி அடிக்கும், காலையே கொண்டுபோய்விடும். முன்பெல்லாம் அது அடிக்கும் இடத்தை மஞ்சள் கோடு போட்டுக் காட்டுவார்களாம். கோட்டுக்கு வெளியே நின்றால் தப்பித்தோம் என்று ஆட்கள் நினைத்துக்கொண்டார்கள், வடம் கோட்டை மதிப்பதில்லை. இப்போது இந்தக் கப்பலில் முன்தளம் முழுவதுமே ஆபத்தான இடம் என்றுதான் சொல்லிக்கொடுக்கிறார்கள். வடத்தின் சுருளுக்குள் கால் வைத்த ஒருவரை இங்கிருந்தே பெயர் சொல்லிக் கூப்பிட்டு நகர்த்தினார்கள்.

பத்து மணிக்கு மூடிகளைத் திறந்தார்கள். வெயில் நேராகக் கரி மேல் விழுந்தது. அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் பக்கத்திலேயே தெரிந்தன. துறைமுகத் தொழிலாளி ஒருவர், என் தம்பி வயதிருக்கும், நான்காம் அறைக்கு இறங்கும் ஏணிக் கூண்டின் கதவைத் திறக்கச் சொல்லிக்கொண்டு நின்றார். அறைதான் திறந்தாச்சே, வெளிச்சமும் காற்றும் இருக்கே, சட்டென்று இறங்கிப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன் என்கிறார். அண்ணாச்சி கதவுக்கும் அவருக்கும் நடுவில் நின்றுகொண்டார்.

“அறை திறந்தாச்சு வே. இந்தக் கூண்டு நாலு நாளா அடைச்சே கெடக்கு. செத்த பொறும்.”

மீட்டரின் குழாயைக் கயிற்றில் கட்டி, கூண்டுக்குள் மெல்ல இறக்கினார். மேலே ஆக்சிஜன் 20.6. நடுவில் 19.1. அடியில் போனதும் மீட்டர் அலறத் தொடங்கியது. எண்ணை அந்தத் தொழிலாளியின் முகத்துக்கு நேரே காட்டினார். 16.8. அவர் அதைப் பார்த்தார், ஏணியைப் பார்த்தார், ஒன்றும் பேசாமல் இரண்டடி பின்னால் வந்தார்.

காற்றுவிசிறியின் குழாயை உள்ளே இறக்கி ஓடவிட்டார்கள். அண்ணாச்சி ஒரு தலைகீழ் வாளியைப் போட்டுக் கதவை மறித்து உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் நின்றேன். கீழே துறைமுகத்தில் யாரோ கடிகாரத்தைக் காட்டிக் கத்திக்கொண்டிருந்தார்கள். நாற்பது நிமிடம் கழித்து மறுபடியும் குழாயை இறக்கினார். மேலே 20.9. நடுவில் 20.9. அடியில் கொஞ்ச நேரம் விட்டுப் பார்த்தார், 20.9. மோனாக்சைடு பூஜ்யம். ஏட்டில் நேரத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, வாளியை எடுத்து நகர்ந்தார்.

“இப்ப போங்க தம்பி.”